பொத்தார்: கஞ்சா வயலில் ஒரு நாணயப் பரிசோதகர்

பாணினியின் அஷ்டாத்தியாயியில் ஐந்தாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதம், ஒரு பயிர் விளையும் வயலை அப்பயிரின் பெயராலேயே குறிக்கும் விகுதிகளைப் பற்றிய சூத்திரங்களுடன் தொடங்குகிறது. அவற்றுள் நான்காவது, எள், உளுந்து, ஆளி, அணு என்னும் சிறுதானியம் ஆகியவற்றோடு 'பங்கா' என்ற பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. பங்கா விளையும் நிலம் பங்க்யம். பாங்கீனம் என்றும் சொல்லலாம். போதையைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இலக்கணிக்கு அங்கே பேச்சில்லை. எள்ளுக்கு ஒரு வயல் இருப்பதைப் போல இதற்கும் ஒரு வயல் உண்டு என்பதே செய்தி. கஞ்சாச் செடியின் இந்திய வரலாற்றை எழுதுவோர் அதர்வ வேதத்திலும் சிவ வழிபாட்டிலும் தொடங்குவதே வழக்கம். விதைத்தவன், களை பறித்தவன், அறுத்தவன் ஆகியோரின் வரலாற்றுக்கு இலக்கண நூலின் இந்த ஒற்றை வரி அதைவிட உறுதியான தொடக்கம்.

அவ்வகை வரலாற்றுக்குச் சான்று மிகுந்துள்ள இடம் வங்காளத்தின் நவகாவ். ராஜஷாஹி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்கள் கூடும் அந்தச் சிறு நிலப்பரப்பு 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் 'கஞ்சா மஹால்' எனப்பட்டது. உரிமம் பெற்ற உழவர் மட்டுமே பயிரிடலாம். விளைந்த சரக்கு அரசின் கண்காணிப்பிலுள்ள கிடங்குக்குச் சென்று, வரி செலுத்தப்பட்ட பிறகே வெளியேறலாம். வரி இருந்த இடத்தில் விவரமும் சேர்ந்தது. 1877இல் ஹேம் சந்தர் கெர் அளித்த அறிக்கையும், கல்கத்தா தாவரவியல் பூங்காவின் டேவிட் பிரெய்ன் 1893இல் அளித்த அறிக்கையும் இச்சாகுபடியை நாற்றங்காலிலிருந்து களம் வரை பின்தொடர்கின்றன.

நீர் தேங்காத மேட்டு நிலம், மணல் கலந்த வண்டல், நிழல் விழாத திடல். ஆகஸ்ட் மாதத்தில் நாற்றங்காலில் விதை முளைக்கும். செப்டம்பரில் நாற்று பிடுங்கி, சாணமும் பிண்ணாக்கும் இட்ட வயலில் பார் அணைத்து நடுவார்கள். கீழ்க்கிளைகளைக் கழிப்பதும் மண் அணைப்பதும் மீண்டும் மீண்டும் நடக்கும். இவை எந்தத் தோட்டப்பயிர் உழவருக்கும் பழகிய வேலைகளே. நவம்பரில் வரும் வேலை மட்டும் வேறு வகையானது. அதை உழவர் தாமே செய்வதில்லை. 'பொத்தார்' என்பவரை அழைப்பார்கள். ஆங்கில அறிக்கைகள் அவரைக் 'கஞ்சா மருத்துவர்' என்று சற்றே வேடிக்கையாகக் குறிப்பிடுகின்றன.

கஞ்சாச் செடியில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். மகரந்தம் பட்ட பெண்செடி விதை பிடிக்கும். விதை பிடித்தால் பிசின் குறையும், விலை விழும். ஆகவே ஆண் செடிகள் பூ விரிவதற்கு முன்பே ஒன்றுவிடாமல் அகற்றப்பட வேண்டும். பூ விரிந்தபின் எவரும் அடையாளம் காணலாம். அப்போது காலம் கடந்திருக்கும். கணுக்களில் அரும்பு திரளும் தறுவாயிலேயே பிரித்தறியும் கண் பொத்தாருடையது. அவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு செடியாகப் பார்த்து, ஆண் செடிகளை வெட்டிச் சாய்ப்பார். மகரந்தம் காற்றில் பரவுவதால் ஒருவர் வயலில் தப்பிய ஆண் செடி அடுத்தவர் விளைச்சலையும் கெடுக்கும். எனவே அவருடைய பிழை ஒரு வயலோடு நிற்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பயிராளர்கள் ஸ்பானியச் சொல்லால் 'சின்செமியா', அதாவது 'விதையில்லாதது' என்று புதுமைபோலப் பேசிய முறை, நவகாவில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கூலிக்கு ஆளமர்த்திச் செய்யப்பட்ட வழக்கமான வேலை.

பொத்தார் என்ற சொல் வயலில் பிறந்ததன்று. பாரசீக 'ஃபோத்தாதார்' கருவூலத்தில் பணம் வாங்கி வைப்பவரையும், வந்த நாணயம் நல்லதா கள்ளதா என நோட்டம் பார்ப்பவரையும் குறித்தது. வங்காளத்தில் அது பொத்தார் ஆனது. இதே மனிதருக்கு அறிக்கைகள் தரும் மற்றொரு பெயர் 'பரக்தார்'; சோதித்துப் பார்ப்பவர் என்று பொருள், 'பரீட்சை'யோடு உறவுடைய சொல். தமிழில் இத்தொழிலுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரில் அது இன்றும் ஒட்டியிருக்கிறது. நாணயத்தைப் பார்த்தறியும் திறனும் அரும்பைப் பார்த்தறியும் திறனும் ஒன்றே என்று அந்த உழவர்கள் கருதியதை இப்பெயர் மாற்றம் சொல்கிறது. 'மருத்துவர்' என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த நுட்பம் முழுவதும் தொலைந்துபோயிற்று.

இந்த அறிவின் அருமையை உணர ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும். நாருக்காக இச்செடியை நூற்றாண்டுகளாக வளர்த்த ஆங்கில உழவர்கள் இருவகைச் செடிகளுக்கு 'ஃபிம்பிள்', 'கார்ல்' என்று பெயரிட்டனர். முன்னது 'பெண்' என்னும் பொருளுடைய லத்தீன் 'ஃபெமெல்லா'விலிருந்தும், பின்னது 'ஆண்மகன்' என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல்லிலிருந்தும் வந்தவை. ஆனால் ஃபிம்பிள் என்றழைக்கப்பட்டது மகரந்தம் தரும் ஆண் செடி. கார்ல் என்றழைக்கப்பட்டது விதை தரும் பெண் செடி. மெலிந்து, சீக்கிரம் வாடி, மென்மையான நார் தருவது பெண்ணாகவும், அடர்ந்து, நெடுநாள் நின்று, முரட்டு நார் தருவது ஆணாகவும் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. விதை தாங்குவதைக் கண்ணெதிரே கண்டும் பெயர் மாறவில்லை. காய்ப்பதைப் பெண்பனை என்றே அழைத்த தமிழ் வழக்குக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

அறிஞர்களும் இதில் இடறினர். தாவரங்களுக்குப் பாலினம் உண்டு என 1694இல் நிறுவிய கமெராரியுஸ், ஆண் செடிகளை நீக்கிய பின்னும் இந்தச் செடியில் விதை பிடித்ததைக் கண்டு குழம்பினார். லின்னேயஸ் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1760இல் வெளிவந்த தாவரப் பாலினம் குறித்த கட்டுரையில், சன்னலோரத் தொட்டிகளில் இச்செடியை விதைத்து, ஒரு தொட்டியின் ஆண் செடிகளை நீக்கிப் பார்த்த சோதனையை விவரிக்கிறார். மகரந்தம் பெறாத சூல்முடிகள் வாடாமல் நீண்டுகொண்டே சென்றதைக் கவனித்தார். அவர் பெயர் தாவரவியலின் ஒவ்வொரு பாடநூலிலும் இருக்கிறது. அதே நிகழ்வைத் தொழிலாகக் கொண்ட பொத்தார்கள் ஆவணங்களில் தொழிற்பெயராகவே நிற்கிறார்கள்.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் கேன் எழுப்பிய கேள்வியின் விளைவாக இந்தியக் கஞ்சா ஆணையம் அமைந்தது. 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் பெற்று 1894இல் அது அளித்த அறிக்கை, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும் முழுத்தடை வேண்டியதில்லை என்றும் கூறியது மேற்கோளாக அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. சாகுபடி பற்றிய அதன் பரிந்துரையை மேற்கோள் காட்டுவோர் குறைவு: உரிமமுள்ள சில இடங்களில் அதைக் குவிக்க வேண்டும் என்பதே அது. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணா மாவட்டத்திலும் நடந்த சாகுபடியும், வீட்டுக் கொல்லையில் நின்ற ஓரிரு செடிகளும் அதன் பார்வையில் வரிக்குத் தப்பிய சரக்கு. கொல்லைச் செடியைக் குற்றமாக்கும் பாதை தடைவாதிகளிடமிருந்து மட்டும் தொடங்கவில்லை. தாராள மனத்தின் சான்றாகப் போற்றப்படும் இந்த அறிக்கைக்கும் அதில் பங்குண்டு.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை 'பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள்' என வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. வட இந்தியாவின் பாங்கு அரசுக் கடைகளில் விற்கப்படுவதும், குமாவுன் வீடுகளில் வறுத்த விதை துவையலாவதும் இதனால்தான். ஆனால் சாகுபடி என்று வரும்போது அதே சட்டம் செடி முழுவதையும், ஆண் பெண் பாகுபாடின்றி, எடுத்துக்கொள்கிறது. பொத்தார் பயனற்றது என வெட்டி எறிந்த செடியை வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். நாருக்கும் விதைக்குமான சாகுபடியை அரசு அனுமதிக்கலாம் என்ற விதிவிலக்கின் கீழ் உத்தரகண்ட் 2018இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. அங்கு தகுதியைத் தீர்மானிப்பது 0.3 விழுக்காடு என்ற போதைக்கூற்றின் அளவு. அதைப் பார்த்துச் சொல்வது ஆய்வகம்.

நவகாவ் உழவர்கள் 1917இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பிரிவினையில் அந்நிலம் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் பின்னர் வங்கதேசத்துக்கும் சென்றது. 1980களில் அங்கு சாகுபடி நின்றது. வங்காளிகளிடையே பொத்தார் இன்று ஒரு குடும்பப் பெயர்.