பட்டி பார்க்காத மஸ்டாங்

2018 ஜனவரி, டெட்ராய்ட் ஆட்டோ ஷோ. மேடையில ஃபோர்டு கம்பெனி தன்னோட புது மஸ்டாங்கைக் காட்டுது. பளபளன்னு பச்சை. அதே மேடைக்கு இன்னொரு பச்சை மஸ்டாங்கும் வருது. பெயின்ட் வெளுத்து, அங்கங்க துரு பிடிச்சு, பாடியில நசுங்கல். போட்டோவை முதல்ல பார்த்தப்போ, "இதை யாராவது கழுவியாவது கொண்டுவந்திருக்கக் கூடாதா?"ன்னுதான் எனக்குத் தோணுச்சு. ஆனா கூட்டம் மொய்ச்சது அந்தப் பழைய காரைத்தான்.

1968-இல் வந்த 'புல்லிட்' படத்துல ஸ்டீவ் மெக்வீன் ஓட்டின கார் அது. சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்கள்ல ஏறக்குறைய 11 நிமிஷம் நடக்கிற துரத்தல் காட்சி. இன்னைக்கும் யூடியூப்ல பார்க்கலாம். 390 கன அங்குல வி8 இன்ஜின், நாலு கியர். (மஸ்டாங் 'மசில் கார்' இல்ல, 'போனி கார்'னு திருத்துறவங்க உண்டு. இன்னைக்கு விட்டுடுங்க.)

1974-இல் நியூ ஜெர்சியில ராபர்ட் கியர்னன் என்பவர், பத்திரிகை விளம்பரம் பார்த்து அதை 6,000 டாலருக்கு வாங்குனாரு. பூட்டி வைக்கலை. அவர் மனைவி ஸ்கூல் டீச்சர்; தினம் வேலைக்கு அதுலதான் போனாங்க. 1977-இல் மெக்வீனே லெட்டர் போட்டு காரைத் திருப்பிக் கேட்டாரு. கியர்னன் அசையலை. நானா இருந்தா அன்னைக்கே சாவியைக் கொடுத்திருப்பேன். 1980-இல் கிளட்ச் போச்சு, கார் ஓரங்கட்டப்பட்டது. மெக்வீன் இறந்ததும் அதே வருஷம்தான்.

அதுக்கப்புறம் குடும்பம் ஊர் மாறும்போதெல்லாம் காரும் கூடவே போச்சு. 2001-இல் அப்பாவும் மகன் ஷானும் அதைச் சரிபண்ண ஆரம்பிச்சாங்க. வேலை நடுவுல நின்னுபோச்சு. 2014-இல் அப்பா காலமானாரு. இப்போ முடிவு ஷான் கையில.

ஷான் இன்ஜினையும் ஓடுற பாகங்களையும் சரிபண்ணாரு. பாடியைத் தொடலை. டிங்கரிங் இல்ல, பட்டி இல்ல, புது பெயின்ட் இல்ல. இதுல ஒரு கணக்கு இருக்கு. படப்பிடிப்புக்காகக் காரோட சின்னங்களைக் கழட்டியிருந்தாங்க. கேமரா மாட்டுறதுக்கு அடியில இரும்புத் தாங்கிகளை வெல்டு வச்சிருந்தாங்க. நல்ல மெக்கானிக் ஒருத்தர்கிட்ட "புதுசு மாதிரி ஆக்குங்க"ன்னு விட்டிருந்தா, முதல்ல அறுத்து எறியறது அந்தத் தாங்கிகளைத்தான். ஃபேக்டரியில அதெல்லாம் கிடையாதே! கார் அழகாயிருக்கும். ஆனா அதுதான் இதுன்னு சொல்ல உலோகத்துல இருந்த சாட்சி போயிருக்கும்.

இது நடக்காத பயம் இல்ல. படத்துக்கு ரெண்டு மஸ்டாங் வாங்கியிருந்தாங்க. குதிச்சுக் குதிச்சு அடிவாங்கின இன்னொன்னு குப்பைக்குப் போனதாத்தான் எல்லாரும் நினைச்சாங்க. பல வருஷம் கழிச்சு மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவுல, வெள்ளை பெயின்ட்டோட அது கிடைச்சது. வாங்கினவங்க அதை வேற ஒரு படத்துல வர்ற 'எலினோர்' மஸ்டாங்கோட நகலா மாத்தப் போறாங்க. வேலை தொடங்குற நேரத்துல சேஸிஸ் நம்பரைச் சோதிச்சாங்க. முடிவுல 125558. கியர்னன் காரோட நம்பர் 125559. அடுத்தடுத்த நம்பர்! இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, ஒரு அசல் வேறொரு படத்தோட நகலுக்குள்ள புதைஞ்சிருக்கும்.

அந்தக் காரைத் துருவோட அப்படியே விட்டிருந்தா போதுமான்னு கேட்டா, எனக்கு உறுதியா பதில் சொல்ல வராது. அடி பலகையே அரிச்சுப்போன வண்டியை வெல்டு வைக்காம நிறுத்தவும் முடியாது. ஷானுக்கு அந்தச் சிக்கல் அவ்வளவா வரலை. வீட்டு கேரேஜ்ல கூரைக்குக் கீழ சும்மா கிடந்ததுதான் அவர் காரைக் காப்பாத்துச்சு. அப்பா நேரமும் காசும் கிடைச்சு எண்பதுகள்லயே பெயின்ட் அடிச்சிருந்தார்னா?

2020 ஜனவரி 10, ஃபுளோரிடாவுல ஏலம். கமிஷனோட சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதே வெளுத்த பெயின்ட், அதே நசுங்கல், அடியில அதே இரும்புத் தாங்கிகள். வாங்கினவர் தன் பேரை வெளிய சொல்லலை.