புள்ளியை விழுங்கிய இயல்பிருப்பு

சென்ற மாதம் ஆய்வுத் தரவுக்காக ஒரு பழைய தமிழ்த் தளத்தை முழுமையாக என் கணினிக்கு இறக்கினேன். பயன்படுத்திய மென்பொருள் டபிள்யூகெட். எந்தத் தெரிவையும் குறிப்பிடாமல் கட்டளையிட்டது என் அவசரம். வந்து சேர்ந்த கோப்புகளில் பாரதி நலமாக இருந்தார். கம்பர் சிதைந்து கிடந்தார். ‘தமிழ்’ என்று பெயர்கொண்ட கோப்புகளில் ‘தமிழ’ வரை ஒழுங்காக இருந்தது. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் ஒரு விழுக்காட்டுக் குறியும் மட்டுமே நின்றன.

பயனர் ஒன்றும் சொல்லாதபோது மென்பொருள் தானாக மேற்கொள்ளும் வழக்கத்தை டீஃபால்ட் என்கிறோம், கணித்தமிழில் இயல்பிருப்பு. சேமிக்கும் கோப்புக்கு என்ன பெயர் சூட்டுவது என்பதும் அத்தகைய ஒரு வழக்கமே. அதற்கும் வரலாறு உண்டு.

குரோஷியரான ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996 ஜனவரியில் டபிள்யூகெட்டை வெளியிட்டார். அக்காலத்து மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ 8859 குறியேற்றங்களில் 128 முதல் 159 வரையிலான எண்கள் எழுத்துகளுக்கு உரியவை அல்ல; திரையை இயக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. அவை கோப்புப் பெயரில் புகுந்தால் முனையத் திரை தாறுமாறாகும். எனவே அவ்வெண்களை விழுக்காட்டுக் குறியிட்டு மாற்றி எழுதுவது யூனிக்ஸ் கணினிகளில் டபிள்யூகெட்டின் இயல்பிருப்பாயிற்று. லத்தீன் எழுத்தை மனத்தில் கொண்டால் அது நியாயமான முன்னெச்சரிக்கைதான்.

ஆனால் 1992இலேயே கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்துவிட்டிருந்தனர். அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியமும் மூன்று பைட்டுகளாகிறது. மூன்றாம் பைட் 128 முதல் 191 வரை எங்கும் அமையலாம். இங்கேதான் ஒரு மொழியியல் மாணவருக்குச் சுவையான கணக்கு இருக்கிறது. க 149, ச 154, ட சரியாக எல்லைக்கோட்டில் 159. இம்மூன்றும் ங, ஞ ஆகியவையும் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் சிதையும். த, ப, ற முதலிய ஏனைய மெய்கள் தப்பும். உயிர்க்குறிகளில் காலும் இகரக் கொக்கியும் மட்டுமே பிழைக்கின்றன. புள்ளியின் எண் 141. பாரதி தப்பியதும் கம்பர் தப்பாததும் இதனால்தான்.

ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பது நாமறிந்ததே. ஓலை கிழியும் என்ற அச்சம் அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கே மெய்யா உயிர்மெய்யா என்பதைப் பதிப்பாசிரியர் சூழலால் உணர்ந்துகொண்டார். இங்கே நிலைமை சற்று மேல்: விழுக்காட்டுக் குறியைப் பின்னோக்கி மாற்றிப் பெயரை மீட்கலாம். முழுவதும் அல்ல. மாற்றப்பட்ட குறியம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டிலிருந்து ஐந்தாக வீங்குகிறது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்டே எல்லை என்பதால், நீண்ட தமிழ்த் தலைப்புகளின் வால் அறுபடுகிறது. அறுபட்ட வாலை எந்த நிரலாலும் ஊகிக்க இயலாது.

இயல்பிருப்புகள் மாறாதவை அல்ல. 2010இல் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. நாம் ஒரு முகவரியைக் கேட்க, வழங்கி நம்மை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால், டபிள்யூகெட் அந்தப் புதிய முகவரியின் பெயரிலேயே கோப்பைச் சேமித்துவந்தது. கெடுநோக்குள்ள வழங்கி, டபிள்யூகெட்டின் சொந்த அமைப்புக் கோப்பின் பெயரையே தந்து நம் கணினிக்குள் அதை நுழைத்துவிட முடியும். 2011இல் வந்த 1.13ஆம் பதிப்பு இவ்வழக்கத்தை மாற்றியது: நாம் கேட்ட முகவரியே இனிக் கோப்பின் பெயர்; வழங்கியை நம்ப விரும்புவோர் அதைத் தனியே சொல்லவேண்டும். 2014இல் 1.16ஆம் பதிப்பு, எஃப்டிபி வழியே இறக்கும்போது குறியீட்டு இணைப்புகளை உருவாக்கும் வழக்கத்தையும் அதே காரணத்தால் கைவிட்டது.

ஆபத்து என்றால் இயல்பிருப்பு மாறுகிறது. மொழி சிதைந்தால் ஒரு தெரிவு சேர்க்கப்படுகிறது. ‘நோகன்ட்ரோல்’ என்பது அதன் பெயர். யூடிஎஃப்-8 பைட்டுகள் சில தாம் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதும் எல்லைக்குள் விழுகின்றன என்று டபிள்யூகெட் கையேடே ஒப்புக்கொள்கிறது. எனினும் அதை அறிந்து கேட்கவேண்டியவர் பயனரே. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்ற கவலை எந்த மென்பொருளுக்கும் உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவ்விரு வினைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்னை உறுத்துகிறது.

உண்மையான விடுதலை வேறு திசையிலிருந்து வந்தது. 2012இல் 1.14ஆம் பதிப்பு வார்க் என்னும் ஆவண வடிவத்தை ஏற்றது. அதில் பக்கங்கள் தனித்தனிக் கோப்புகளாகச் சிதறுவதில்லை; மூல முகவரி, வழங்கியின் மறுமொழி, இறக்கிய நேரம் அனைத்தும் ஒரே தொகுப்புக்குள் பதிவாகின்றன. பெயர் சூட்டும் சிக்கலே எழுவதில்லை.

இரண்டாம் முறை வார்க் வடிவத்தில் இறக்கினேன். முதல் முறை வந்த பக்கங்களில் சில இதற்குள் அத்தளத்திலிருந்தே மறைந்துவிட்டன. அவற்றுக்கு என்னிடம் இருப்பவை அந்தச் சிதைந்த பெயர்கள் மட்டுமே, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.