தொப்பிக்குள் பாதரசம்!

கௌபாய் படத்து ஹீரோ மாடியிலிருந்து குதிப்பார், குதிரையில் பறப்பார்... தலையிலிருக்கும் தொப்பி மட்டும் நழுவாது! அந்தத் தொப்பியைப் பிரபலமாக்கியவர் ஒரு நோயாளி. பெயர், ஜான் ஸ்டெட்சன்.

1830-ல் நியூஜெர்ஸியில், தொப்பி செய்கிறவரின் மகனாகப் பிறந்தவர். காசநோய் வாட்ட, காற்று மாறினால் தேவலை என்று மேற்கே போனார். அங்கே வெயிலும் மழையும் மண்டையைப் பிளந்தன. மிருக ரோமத்தை நனைத்து, சூடேற்றி, அமுக்கி அமுக்கி, தறியே இல்லாமல் கெட்டித் துணியாக்குகிற அப்பாவின் வித்தை கைகொடுத்தது. அகல விளிம்போடு ஒரு தொப்பி தயார்! உடம்பு தேறி, 1865-ல் பிலடெல்பியாவில் 100 டாலர் முதலோடு பட்டறை போட்டார். மாடு மேய்ப்பவர்கள் அவருடைய தொப்பியை விடவேயில்லை.

நீங்கள் வாங்குவதானால் பீவர் ரோமம் உசத்தி, அடுத்தது முயல், கம்பளி சுமார்தான். மேஜையில் மல்லாக்க வையுங்கள், இல்லையென்றால் விளிம்பு சப்பையாகிவிடும். மழையில் நனைந்தால் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்துதானே அதை இறுக்கின? மறுபடி சேர்ந்தால் சுருங்கிப்போகும்!

ரொம்பப் பழைய தொப்பி என்றால் உஷார். ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்ள அந்நாளில் பாதரசக் கரைசல் தடவுவார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை உதறும், புத்தி பேதலிக்கும். கனெக்டிகட்டின் தொப்பி நகரமான டான்பரியில், வியாதிக்கே 'டான்பரி நடுக்கம்' என்று பெயர் வந்துவிட்டது. அமெரிக்கா தடை போட்டது 1941-ல்தான். அந்த வகைத் தொப்பிகள் சிலவற்றில் பாதரசம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மியூசியக்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டுதான் அவற்றைத் தொடுகிறார்கள்.