வீட்டில் செய்த பனானா பிரெட் எத்தனை நாள் தாங்கும்? வெளியே, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்... எங்கே, எப்படி வைக்கணும்?

ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் செய்த பனானா பிரெட். செவ்வாய்க்கிழமை காலை குழந்தையின் டிபன் பாக்ஸில் வைக்க எடுத்தால் அடியில் பிசுபிசுப்பு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. பல வீடுகளில் நடப்பது இதுதான். பழம், மாவு, வெண்ணெய், ஒரு மணி நேரக் கரண்ட் என எல்லாமே குப்பைக்குப் போகிறது.

பெயரில் ‘பிரெட்’ இருப்பதால், கடை பிரெட் பாக்கெட் மாதிரியே இதையும் சமையல் மேடையில் விட்டுவிடுகிறார்கள். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்:

• வெளியே: வெயில் காலத்தில் 1 நாள், குளிர்ச்சியான நாட்களில் 2 நாள்
• ஃப்ரிட்ஜில்: நன்றாக மூடி வைத்தால் 5 முதல் 7 நாள்
• ஃப்ரீசரில்: ருசி குறையாமல் 2 முதல் 3 மாதம்

ஏன் இந்தக் கணக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

இது பிரெட்டா, கேக்கா?

கடை பிரெட் ஈஸ்ட் சேர்த்து, மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. பனானா பிரெட்டில் ஈஸ்ட் கிடையாது. சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோதான் அதை உப்பவைக்கிறது. சர்க்கரை, முட்டை, வெண்ணெய் என்று பார்த்தால் இது கேக் வகைதான்.

அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தநிலை காலத்தில் இது பரவலானது. கனிந்துபோன பழத்தையும் வீணாக்காமல் பயன்படுத்த அப்போது இது கைகொடுத்தது. 1933-ல் பில்ஸ்பரி நிறுவனம் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இதன் செய்முறை உண்டு. 2020 கொரோனா ஊரடங்கில் சமூக வலைதளங்களில் டிரெண்டாகி, நம்ம ஊர் சமையலறைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

வாழைப்பழத்தில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர்தான். பிரெட் வெந்த பிறகும் அந்த ஈரத்தில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். அதனால்தான் அது அவ்வளவு மிருதுவாக இருக்கிறது. பூஞ்சைக்குப் பிடித்ததும் அதே ஈரம்தான்.

கடை பிரெட்டில் பூஞ்சையைத் தடுக்க கால்சியம் புரோபியோனேட் போன்ற பதப்படுத்திகளைச் சேர்ப்பதுண்டு. வீட்டில் செய்வதில் அப்படி எதுவும் இல்லை.

பழனி பஞ்சாமிர்தமும் வாழைப்பழம்தானே, அது மட்டும் எப்படிப் பல நாள் கெடாமல் இருக்கிறது என்று கேட்கலாம். அதில் சேரும் சர்க்கரையும் தேனும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், கிருமிகளுக்கு வேண்டிய தண்ணீர் கிடைப்பதில்லை. பனானா பிரெட்டில் இனிப்பு அந்த அளவுக்கு இல்லை. ‘ஆரோக்கியமாக இருக்கட்டும்’ என்று சர்க்கரையை இன்னும் குறைத்தால், அது தாங்கும் நாளும் குறையும்.

பேக் செய்யும்போதே கவனிக்கணும்

9 இன்ச் நீள டின்னுக்கு வழக்கமான அளவு:

• மசித்த வாழைப்பழம்: 300 கிராம்
• மைதா: 200 கிராம்
• சர்க்கரை: 150 கிராம்
• எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய்: 75 கிராம்
• முட்டை: 1 (வேண்டாம் என்றால் கெட்டித் தயிர் கால் கப்)
• சமையல் சோடா: தலைதட்டி 1 டீஸ்பூன்
• உப்பு: கால் டீஸ்பூன்

வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘3 பழம்’ என்று இருந்தால், அது கேவண்டிஷ் எனப்படும் பெரிய பழம். நம்ம ஊரில் அதே இனத்தைச் சேர்ந்தது ரோபஸ்டா. பூவன், ஏலக்கி போன்ற சின்னப் பழங்கள் என்றால் ஐந்தாறு அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம். அதனால் பழத்தை எண்ணாமல், எடை போட்டுப் பார்ப்பதே சரி. பழம் கூடிப்போனால் நடுப்பகுதி களி மாதிரி ஆகிவிடும்.

தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் பொருத்தமானது. கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் இனிப்பும் மணமும் கூடும். ஆனால் சாராய வாடை அடிக்கும் பழம், தண்ணீர் கசியும் பழம், பூஞ்சை படிந்த பழம் வேண்டவே வேண்டாம்.

மாவு சேர்த்த பிறகு அதிகம் அடிக்கக் கூடாது. மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தாலே போதும். அதற்கு மேல் அடித்தால் ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடேற்றிவிட்டு, 50 முதல் 60 நிமிடம் வேகவிடணும். நடுவில் பல்குத்தும் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் பரவாயில்லை. மேல்பகுதி சீக்கிரம் கருகினால் அலுமினியம் ஃபாயிலை லேசாக மூடலாம். நடுவில் சரியாக வேகாத பிரெட்தான் முதலில் கெடும்.

சூடாக மூடினால் கதை முடிந்தது

பெரும்பாலானோர் செய்யும் தவறு இது. பிரெட் சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால், உள்ளிருந்து வரும் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி, மறுபடி பிரெட் மேலேயே சொட்டும். மேல்பகுதி நசநசத்து, பூஞ்சைக்கு வசதியாகிவிடும்.

ஓவனிலிருந்து எடுத்து 10 முதல் 15 நிமிடம் டின்னிலேயே விடணும். பிறகு வெளியே எடுத்து, அடியிலும் காற்றுப் படும்படி கம்பித் தட்டில் வைக்கணும். கம்பித் தட்டு இல்லையா? சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைக்கலாம். முழுதாக ஆற 2 முதல் 3 மணி நேரம் ஆகும். அடிப்பகுதியைத் தொட்டால் கொஞ்சம்கூடச் சூடு தெரியக் கூடாது.

வெளியே வைப்பதா, ஃப்ரிட்ஜிலா?

வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘வெளியே 3 முதல் 4 நாள் இருக்கும்’ என்று போட்டிருப்பார்கள். அது 20 டிகிரி சுற்றளவில் இருக்கும் வீடுகளுக்கான கணக்கு. சமையலறையே 33, 34 டிகிரியில் இருக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது சரிவராது.

• அன்றே, மறுநாளே தீர்ந்துவிடும் என்றால் வெளியே வைக்கலாம். காற்றுப்புகாத டப்பாவின் அடியிலும் மேலும் டிஷ்யூ பேப்பர் வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.
• அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜ்தான். குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் பிரெட் கொஞ்சம் வறண்டு, கெட்டியாகும். அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் ஒரு நிமிடம் சூடுகாட்டினால் மறுபடி மிருதுவாகிவிடும்.
• எண்ணெய் சேர்த்துச் செய்தது, வெண்ணெய் சேர்த்ததைவிட ஃப்ரிட்ஜில் மிருதுவாக இருக்கும். குளிரில் வெண்ணெய் உறைந்துவிடும் என்பதே காரணம்.
• திறந்து வைத்தால் மீன் குழம்பு வாசனைகூட பிரெட்டில் ஏறிவிடும். சுற்றி, டப்பாவில் போட்டு வைக்கணும்.

ஃப்ரீசரில் வைப்பது எப்படி?

முழுதாக வைப்பதைவிட, துண்டு போட்டு வைப்பதே வசதி. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

1. முழுதாக ஆறிய பிரெட்டை விரல் தடிமனுக்கு வெட்டணும்.
2. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, இடையில் பட்டர் பேப்பர் வைக்கணும்.
3. பிளாஸ்டிக் ராப்பில் இறுக்கமாகச் சுற்றி, ஜிப் லாக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடணும்.
4. கவர் மேல் தேதி எழுதணும்.

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது. ஆனால் அவை செத்துவிடுவதும் இல்லை, வெளியே எடுத்ததும் மறுபடி பெருக ஆரம்பிக்கும். கெடப்போகும் நிலையில் இருப்பதைக் கடைசி நேரத்தில் ஃப்ரீசருக்கு அனுப்புவதில் பலன் இல்லை. செய்த அன்றோ மறுநாளோ வைத்துவிடணும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல் அறை பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. அதில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் சாப்பிடுவது நல்லது.

எடுக்கும்போது கவரோடே வெளியே வைக்கணும். துண்டு என்றால் அரை மணி நேரம், முழு பிரெட் என்றால் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். காலையில் டிபன் பாக்ஸில் உறைந்த துண்டை வைத்தால், பள்ளி இடைவேளைக்குள் பதமாகிவிடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தக்கவைக்கும். பிரெட்டில் இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுதாக உருகி அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால், அன்றே சாப்பிட்டுத் தீர்ப்பதே நல்லது.

பூஞ்சை வந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது. பிரெட், கேக் போன்ற மிருதுவான உணவில் பூஞ்சையின் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். சில வகைப் பூஞ்சைகள் நச்சுப் பொருளையும் உண்டாக்கும். டோஸ்ட் செய்தாலும் அது போகாது. ஒரு புள்ளி தெரிந்தாலும், அது படர்ந்த பிரெட் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். புளித்த வாடை, பிசுபிசுப்பு, நூல் மாதிரி இழுபடுதல் ஆகியவையும் கெட்டுப்போனதன் அறிகுறிகளே.

கலந்த மாவை நாளைக்கு வைத்திருக்கலாமா?

வேண்டாம். சோடா, ஈரம் பட்டதுமே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மறுநாள் பேக் செய்தால் சரியாக உப்பாது.

இன்று செய்ய நேரமில்லை என்றால், பழத்தை மட்டும் உறையவைக்கலாம். தோலை உரித்து, மசித்து, 300 கிராம் வீதம் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதும். உருகும்போது கசியும் தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கிறது, மாவோடு சேர்த்துக் கலந்துவிடணும். நிறம் பழுப்பாக மாறினாலும் ருசி மாறாது.

வாரக் கடைசியில் மேஜையில் கறுத்துக் கிடக்கும் அரை சீப்பு பழத்தைக் காப்பாற்றவும் இதுவே எளிய வழி.