கோலார் தங்கவயல்: பொன்னின் கணக்கும் கல்லின் கணக்கும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் நிறையைக் கொண்டே கூறப்பட்டு வந்துள்ளது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 தொன் என்பது அக்கணக்கு. அப்பொன்னைப் பெறுவதற்கு 5 கோடி தொன் அளவான கல் வெட்டி மேலே கொணரப்பட்டது என்பதும், அதனை வெட்டியவர் யாவர் என்பதும் அத்துணை அழுத்தம் பெறுவதில்லை.

மைசூர்ப் பகுதியில் அமைந்த இந்நிலத்தில் பொன் இருப்பதை ஆங்கிலேயர் கண்டுபிடித்தனர் என்பது முழு உண்மையன்று. 1802இல் மாரிக்குப்பத்தை அடைந்த லெப்டினன்ற் வாரன், கிராமத்தவர் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதையே கண்டார். 1875இல் லவெல் என்பார் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். 1880இன் பின் ஜோன் ரெயிலர் கம்பனியார் நிருவாகத்தை ஏற்றனர். தொடக்கத்தில் நட்டமே மிஞ்சியது. பண்டைக்கால மக்கள் தோண்டி விட்டுச்சென்ற குழிகளுக்குக் கீழே இறங்கிய பின்னரே ‘சாம்பியன்’ எனப்பட்ட வளமிகு பொற்படை அகப்பட்டது. கம்பனியாருக்கு வழிகாட்டியவர் பெயரறியா அம்முன்னோரே எனல் தகும்.

1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுரங்கத்துக்கு மின்சக்தி வந்தது. பெங்களூர் நகரம் மின்னொளி பெற்றது அதற்குப் பின்னர், 1905இலேயே ஆகும். அரசின் முதன்மை எதற்கு உரியதாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தொழிலாளருட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் தாழ்த்தப்பட்ட சாதியினரே மிகுதி. சேலத்து மக்களில் மற்றொரு சாரார் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேலாக ஆழ்ந்தபோது பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடந்தது. பாறை திடீரென வெடித்துச் சிதறிப் பலர் மாண்டனர். சிலிக்காத் தூசு மெல்லக் கொன்றது. 1940க்கும் 1946க்கும் இடையில் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் நுரையீரல் நோயுற்றிருந்தனர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு. அடக்கமான கூலிகள் என்ற எண்ணத்துக்கு அது பொருந்துவதாயில்லை.

இதே ஆழம் அறிவியலுக்கு வேறு வகையிற் பயன்பட்டது. பூமியின் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோத் துகள்கள் 1965இல் இச்சுரங்கத்துள் அறியப்பட்டன.

1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தன. ஆயினும் கனியத்தின் வளம் குன்றியவாறே இருந்தது. தொடக்ககாலத்தில் ஒரு தொன் கல்லில் 47 கிராம் வரை கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவுக்குத் தாழ்ந்தது. ஒரே நிறையுடைய பொன்னுக்குப் பதினைந்து மடங்கு கல்லை, முன்னையினும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பும் நின்றது, சுரங்க வழிகளை நீர் நிறைத்தது.

பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அரைத்துச் சயனைட்டு இட்டுப் பொன் பிரித்த கல்லின் பொடியோ 3 கோடி தொன்னுக்கு மேல், குடியிருப்புகளின் அருகே வெண்சாம்பல் நிறக் குன்றுகளாகக் கிடக்கின்றது. காற்று மிகும் காலத்தில் அது வீடுகளுக்குள் வருகின்றது.