பெயர்க் கிறிஸ்தவமும் வாழ்வுக் கிறிஸ்தவமும்

ஒருவன் கிறிஸ்தவன் என்பதற்கு அத்தாட்சி யாது? ஞாயிறு தவறாது கோவிலுக்குச் செல்வதா? கழுத்தில் சிலுவை அணிவதா? ஞானஸ்நானப் பத்திரமா? இவை பெயருக்குரிய அடையாளங்களேயன்றி வாழ்வுக்குரிய அடையாளங்களாகா. எம்மதத்தின் மெய்ம்மையும் பிரசங்க மேடையில் தெரியவருவதன்று. மனிதன் மனிதனிடம் நடந்துகொள்ளும் முறையிலேயே தெரியவரும். இதற்குச் சிங்கப்பூர்ச் சரித்திரத்திலேயே தக்க சான்று உண்டு.

தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நாம், விடுமுறை நாட்களில் தெம்பனிஸிலுள்ள உறவினர் இல்லத்திற்கு வருவதுண்டு. தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். ரப்பர்த் தோட்டங்களும் மணற்குழிகளும் இருந்த அவ்விடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து நிற்கின்றன. அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் பஸ்ஸில் சென்றால் சாங்கிச் சிறை. 1936-ல் கட்டிய பழைய சிறையில் வாயிலும் மதிலின் ஒரு பகுதியுமே எஞ்சியுள்ளன. அவ்வாயிலின் முன் நின்றபோது நம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையே ஈண்டு எழுதுகின்றோம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. வெள்ளையர் சிறைப்பட்டனர். ஆயினும் ஆங்கிலிக்கன் பிஷப் லெனார்ட் வில்சன் 1943 மார்ச் வரை வெளியிலிருந்தே தம் ஊழியத்தை நடத்தி வந்தார். எவ்வாறு? மதம், கல்வி ஆகிய துறைகளைக் கவனித்த ஜப்பானிய அதிகாரி லெப்டினன்ட் ஆண்ட்ரூ ஒகாவா என்பவர் அதே சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். பகைவர் நாட்டுப் பிஷப்புக்கு அவர் அனுமதி வழங்கினார். அவர் வாள் எடுக்கவில்லை, வீரவுரை நிகழ்த்தவில்லை, தம் மேஜையிலிருந்த அதிகாரத்தை நன்மைக்குப் பயன்படுத்தினார், அவ்வளவே. ஒரு கையெழுத்து மனிதனை வாழவைக்கவும் வதைக்கவும் வல்லது என்பதைக் கிராணிகளாகிய நாம் நன்கறிவோம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பாடசாலையின் உபாத்தியாயினி எலிசபெத் சோய் என்னும் சீன மாதரசியின் கதை இதனினும் பெரிது. அவரும் கணவர் சோய் குன் ஹெங்கும் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினர். அதன் வழியாகச் சாங்கிக் கைதிகளுக்கு உணவும் மருந்தும் பணமும் கடிதங்களும் இரகசியமாய்ச் சென்றன. பசித்தவனுக்கு உணவளி என்ற வேதத்தை அவர் வாயால் ஓதவில்லை, கையால் செய்தார்.

1943 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிறு படையினர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஏழு கப்பல்களுக்கு வெடி வைத்தனர். சாங்கிக் கைதிகளே இதற்கு உடந்தையென்று ஜப்பானியர் ஐயுற்றனர். அக்டோபர் 10-ல் சிறை சோதனைக்குள்ளாயிற்று. கைதிகள் 57 பேரைக் கெம்பெய்தாய் என்னும் இராணுவப் போலீசார் பிடித்துச் சென்றனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். பிஷப் வில்சன் பன்முறை அடியுண்டார். எலிசபெத் சோய் இருநூறு நாட்களுக்குச் சற்றுக் குறைவாக நெருக்கமான அறையில் அடைபட்டு, கணவர் கண்முன்னே மின்சாரத்தால் வதைக்கப்பட்டார். செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இக்கொடுமைகள் நடந்த இடம் எது? ஆர்ச்சர்ட் ரோட்டில், நம் வண்ணார் துணி வெளுத்ததால் பெயர்பெற்ற தோபி காட்டிற்கு அருகே, வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ. கட்டிடம்! வாயிலில் கிறிஸ்துவின் பெயர், உள்ளே ஓலம். பெயர் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

1946-ல் நடந்த விசாரணையில் கெம்பெய்தாய் சம்பந்தப்பட்ட 21 பேர் குற்றஞ்சாட்டப்பட்டு, எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் தம்மை வதைத்தோரைத் தண்டனைக்குக் காட்டிக்கொடுக்க எலிசபெத் சோய் இசையவில்லை. யுத்தமே அவர்களைக் கொடியவராக்கிற்று என்பது அவர் கருத்து. பிஷப் வில்சனோ, தம்மை வதைத்தோருள் ஒருவன் பின்னர்க் கிறிஸ்தவனானபோது, தம் கையையே அவன் தலைமேல் வைத்துத் திடப்படுத்தல் செய்தார். எலிசபெத் சோய் மீண்டும் உபாத்திமை செய்தார். 1956-ல் குருடர் பாடசாலையின் முதல் தலைவியானார். வீரம் ஓய்ந்தபின் செய்யும் அன்றாடப் பணியே நம்பிக்கையின் நீண்ட பரீட்சை.

சீனரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் தேறிய இப்பரீட்சையில் தமிழர் நிலை என்ன? 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாதென்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்தனர்; தஞ்சைப் புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் அவர்களுள் ஒருவர். ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே பாயில் அமர மறுத்தனர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளும் ஜாதிச் சுவர் எழுந்தது. பகைவனை மன்னித்தவர் வாழ்ந்த மதத்திலேயே அயலானைத் தள்ளியவரும் வாழ்ந்தனர். வேதம் ஒன்றே, வாழ்வு வேறு.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிக்கொள்வதற்கில்லை. ஒருமுறை, எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி நாள் முழுதும் உழைத்திருக்க, செக்ரோலில் அரைப்பேரே விழுந்தது. பிழையென்று அறிந்தும், மேலதிகாரியின் கோபத்திற்கஞ்சி நாம் வாய்திறக்கவில்லை. அடுத்த சம்பளத்தன்று அவள் நம்மைக் கும்பிட்டுச் சென்றாள். சாங்கியின் வாயிலில் நின்றபோது அக்கும்பிடே நம்மைச் சுட்டது. உயிரைக் கொடுக்கும்படி நம்மை எவரும் கேட்கவில்லை. அரைப்பேரைத் திருத்தும் துணிவே கேட்கப்பட்டது. அதுவும் நம்மிடம் இல்லை.

தோழர்களே! சிலுவையோ திருநீறோ பிறையோ, எதை அணிந்தாலும் கேள்வி ஒன்றே. இன்று நம் கையிலுள்ள பேனாவால், தராசால், சாவியால் யாருக்கு நீதி செய்தோம்? அதற்குச் சொல்லும் விடையே நம் மதம்.