வால்வு சீல் மாற்றுதல்

வால்வு சீல் என்பது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஹெட்டுக்குள், வால்வு கைடின் மேல்முனையில் தொப்பி போலப் பொருந்தியிருக்கும் சிறு ரப்பர் பாகம். கேம், ராக்கர் பக்கம் தெறிக்கும் ஆயில் வால்வுத் தண்டு வழியாக எரியறைக்குள் இறங்காமல் தடுப்பது இதன் வேலை. அடியோடு தடுத்துவிடவும் கூடாது. கைடுக்குள் தண்டு தேயாமல் ஓட மெல்லிய ஆயில் படலம் வேண்டும். அந்த அளவை மட்டும் விட்டு மிச்சத்தை வழித்து நிறுத்துகிறது சீலின் உதடு. பல சீல்களில் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பி வளையம் ஒன்று இருந்து பிடிப்பைக் காக்கிறது.

நைட்ரைல் ரப்பரிலும், அதைவிட வெப்பம் தாங்கும் வைட்டானிலும் இவை வார்க்கப்படுகின்றன. எதில் செய்திருந்தாலும் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் இறுகி, உதடு விறைத்துத் தண்டைப் பிடிக்காமல் போகும். ஆயில் மாற்றாமல் ஓட்டினாலும், கைடு தேய்ந்து தண்டு ஆடினாலும் இது விரைவில் நேரும். இன்லெட் சீல் கெடுவதே அதிகத் தொல்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சல் ஆயிலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பழுதை நெய்வேலியை வைத்துப் பார்க்கலாம். 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த இந்த நகரியம், வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குவார்ட்டர்ஸ் ஊர். வீட்டுக்கும் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடையே ஷிப்டு பார்த்து ஓடுவது பெரும்பாலும் இருசக்கர வண்டிதான். 1980இல் வந்த டிவிஎஸ் 50, பின்னர் வந்த ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இப்படித் தண்டுள்ள வால்வும் இல்லை, வால்வு சீலும் இல்லை. பெட்ரோலோடு ஆயில் கலந்து எரிந்ததால் புகை அவற்றின் இயல்பு. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994இல் ஸ்பிளெண்டர் என்று நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பரவியபோது அந்தக் கணக்கு மாறியது. இந்த எஞ்சினில் நீலப்புகை வந்தால் அது பழுது. ‘பழைய வண்டி, புகை தள்ளத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவது இரண்டு ஸ்ட்ரோக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம்.

ஷிப்டு வாழ்க்கை இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க உதவவும் செய்கிறது. எட்டு மணி நேரம் ஸ்டாண்டில் நின்ற வண்டியில், ஹெட்டில் தங்கிய ஆயில் கெட்ட சீல் வழியாகச் சொட்டி வால்வின் மேல் தேங்கும். ஷிப்டு முடிந்து வந்து உதைத்ததும் சைலன்ஸரில் நீலப்புகை திரண்டு வரும், சிறிது தூரம் ஓட்டியதும் தெளிந்துவிடும். வால்வு சீலுக்கு இதுவே முதல் அடையாளம். வேகத்தில் த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது ஒரு வீச்சாகப் புகை வருவது இரண்டாவது.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு. இழுக்கும்போதெல்லாம் புகை வரும், கிக்கர் லேசாக இறங்கும், பிரீதர் குழாயிலும் ஆவி அடிக்கும். சந்தேகமிருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, ப்ளக் துளையில் சில துளி ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. அளவு நல்லபடியாகவே இருந்து, ஏறாமலும் நின்றால் சீலையோ கைடையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் போர் அடிக்கக் கொடுப்பது வீண்செலவு. மற்ற உதிரிபாகங்களோடு பார்த்தால் சீலின் விலை மிகச் சிறியது. செலவெல்லாம் கூலியிலும் பேக்கிங்கிலும்தான்.

வீட்டிலேயே செய்வதற்கு ஒற்றை சிலிண்டர் நூறு சிசி எஞ்சின் தோதானது. ஹெட்டைத் திறந்த வாசலில், காற்றில் மண் பறக்கும் நேரத்தில் இறக்கக்கூடாது. சுரங்கத்தின் மேல்மண்ணில் மணற்கல் உண்டு. ஒரு மணல்துகள் வால்வுத் தண்டில் ஒட்டினாலும் புதுச் சீலைக் கீறிவிடும். எஞ்சின் நன்றாக ஆறியபின், மேக்னட்டைத் திருப்பி ‘டி’ குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்த வேண்டும். கம்ப்ரஷன் முனையில் நின்றால் இரண்டு வால்வும் மூடியிருக்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும்போது டைமிங் செயின் உள்ளே விழாதபடி கம்பியால் கட்டிவைப்பது கட்டாயம். ஹெட் நட்டுகளைக் குறுக்குவாக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டைத் தூக்கும்போது சிலிண்டர் கூடவே எழும்பினால் அடிப்பேக்கிங் கிழிந்து வேலை இரட்டிப்பாகும். ஒருவர் சிலிண்டரை அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்லது.

ராக்கரையும் கேமையும் எடுத்தபின், ஹெட்டை மேசையில் வைத்து ஸ்பிரிங் கம்ப்ரஸரால் ஸ்பிரிங்கை அழுத்தினால், தண்டின் பள்ளத்தில் கவ்வியிருக்கும் இரண்டு அரைவட்ட லாக்குகளும் விடுபடும். நகக்கண் அளவே உள்ள இவை தெறித்தால் கிடைப்பது அரிது, ஆகவே ஹெட்டின் மேல் துணி போர்த்திக்கொள்ள வேண்டும். இன்லெட், எக்ஸாஸ்ட் பாகங்களைத் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும்.

பழைய சீலைக் கழற்றியதும், மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது கைடு. வால்வைப் பாதி இறக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் தெளிவாக ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் புதுச் சீல் நிலைக்காது. கைடு மாற்றுவது பட்டறை வேலை, வீட்டில் முயலக்கூடாது. கைடு நன்றாக இருந்தால் கரியைச் சுரண்டி, தேவைப்பட்டால் கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வை சீட்டில் உருட்டித் தேய்த்து, பேஸ்டைச் சுத்தமாகக் கழுவ வேண்டும்.

புதுச் சீலை ஆயிலில் தோய்த்து, பொருத்தமான சாக்கெட்டை மேலே வைத்து நேராக அழுத்தினால் ‘கிளிக்’ என்று கைடில் உட்காரும். பிறகு வால்வை நுழைக்கும்போது தண்டின் பள்ளத்து விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்காதபடி ஆயில் தடவி மெல்லத் திருப்பி விட வேண்டும். வேலை வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். லாக்குகளை கிரீஸால் ஒட்டிவைத்து ஸ்பிரிங்கை விடுவித்தபின், தண்டின் முனையில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் அவை சரியாக அமர்ந்துகொள்ளும். இப்போது போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எரியறைப் பக்கம் கசியக்கூடாது.

ஹெட் பேக்கிங் புதிதாகவே இருக்க வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்குவாக்கில் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, டைமிங் குறிகளைச் சேர்த்து, ஃபீலர் கேஜால் டேப்பெட் இடைவெளி வைக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் டைமிங் தவறியிருக்கிறது. பலம் கொடுத்தால் வால்வு வளையும்.

கார்களில் ஹெட்டை இறக்காமலே செய்யும் வழியும் உண்டு. ப்ளக் துளை வழியாக எரியறைக்குள் மென்மையான நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை உயர்த்தி வால்வைத் தாங்க வைப்பார்கள். அல்லது கம்ப்ரஸர் காற்றை அடைத்து வைப்பார்கள். கயிற்றின் நுனி வெளியே இருக்க வேண்டும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள புதிய வண்டிகளில் இந்தப் பழுதைத் தள்ளிப்போடக்கூடாது. எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அதன் விலை சீலின் விலையைப் போலப் பல மடங்கு.

சீல் மாற்றிய உடனே புகை நிற்காது. சைலன்ஸருக்குள் ஏற்கெனவே படிந்த ஆயில் எரிந்து தீரும்வரை சில நாள் வரும். ஆயில் குச்சியில் மட்டத்தைக் குறித்துவைத்து, அடுத்த ஐந்நூறு கிலோமீட்டருக்குள் அது இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மறுபடி சீலை மாற்றாதீர்கள். ரிங்கையும் கைடையும் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.